வாடகைக்கு விடுவதற்கென்று ஒரு வீடு வாங்குமுன்

கையில் 20 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது, மீதிக்கு வங்கியில் கடன் கிடைக்கும், சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டால் வாடகைப் பணமே மாதத் தவணையைக் கட்டிவிடாதா என்று கேட்கும் நண்பர்களும் உறவினர்களும் எனக்கு நிறைய உண்டு. குரோம்பேட்டையில் ஒரு சிறிய வீட்டைச் சில ஆண்டுகளாக வாடகைக்கு விட்டுவருகிறவன் என்பதால், இதற்கு விடை தெரிந்தவன் என்று அவர்கள் என்னை நினைக்கிறார்கள். கட்டாது என்பதுதான் விடை. முழுத் தவணையை விடுங்கள்; இன்றைய விலைக்கும் வட்டிக்கும் பாதித் தவணையைக்கூட வாடகை கட்டாது. அதற்காக வாடகை வீடு வாங்குவதே வீண் என்று நான் சொல்லவில்லை. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் விலையில் தொடங்கி வாடகைக்கு வருகிறார்கள். வாடகையில் தொடங்கி விலைக்கு வருவதே முறை என்பதுதான் என் கட்சி.

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே, ரயில் நிலையத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, பத்து ஆண்டுப் பழைய கட்டடத்தில் 850 சதுர அடியில் இரண்டு படுக்கையறை கொண்ட மறுவிற்பனை வீடு. விலை 60 லட்சம், மாத வாடகை 17,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்து 2023 ஏப்ரலில்தான் பாதியாகக் குறைந்தது. ஆக, பத்திரப்பதிவுக்கு மட்டும் 5 லட்சத்து 40 ஆயிரம். தரகருக்கு 1 சதவீதம் என்றால் 60 ஆயிரம். பழைய வீடாகையால் குளியலறைக் கசிவை அடைத்து, மின்கம்பிகளைச் சரிபார்த்து, வெள்ளையடித்து, சமையலறை மேடையைச் சீர்செய்ய ஏறத்தாழ 2 லட்சம் ஆகும். 60 லட்சம் ரூபாய் வீடு, குடிவைக்கும் நிலைக்கு வருவதற்குள் 68 லட்சம் ஆகிவிடுகிறது. வாடகை வருமானத்தைக் கணக்கிடும்போது பலரும் இந்த 8 லட்சத்தை மறந்துவிட்டு 60 லட்சத்தாலேயே வகுக்கிறார்கள்.

இனி வரவுப் பக்கம். மாதம் 17,000 என்றால் ஆண்டுக்கு 2 லட்சத்து 4 ஆயிரம். இதில் ஒரு மாத வாடகையைக் காலியாகக் கிடக்கும் காலத்துக்கென்று கழித்துவிட வேண்டும். ஒரே குடும்பம் நான்கைந்து ஆண்டு இருந்தால் இந்தக் கழிவு தேவைப்படாது. ஆனால் அப்படி அமைவதை நம்பிக் கணக்குப் போடலாகாது. சொத்துவரி ஆண்டுக்கு 6,000, பழுதுபார்ப்பும் குடிமாறும்போது அடிக்கும் பெயின்டும் சேர்த்துச் சராசரியாக 25,000 என்று வைத்தால் கையில் நிற்பது 1 லட்சத்து 56 ஆயிரம். மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தைக் குடியிருப்பவரே கட்டுவது சென்னையில் வழக்கம் என்பதால் அதைச் சேர்க்கவில்லை. ஆனால் லிஃப்ட் மாற்றுவது, மொட்டைமாடிக்குத் தண்ணீர்க்காப்பு போடுவது போன்ற பெருஞ்செலவுகளுக்கு அசோசியேஷன் உரிமையாளரிடம்தான் வரும். 68 லட்சத்துக்கு 1.56 லட்சம் என்பது ஏறத்தாழ 2.3 சதவீதம். எந்த அலைச்சலும் இல்லாத வங்கி வைப்புநிதி இதைப்போல் இருமடங்குக்கும் மேல் தருகிறது.

கடன் வாங்கினால் கணக்கு இன்னும் கடுமையாகும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வங்கிகள் வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம். ஆகவே 60 லட்சத்தில் 48 லட்சம் கடன், 12 லட்சம் நம் பணம். பதிவுச் செலவு, தரகு, மராமத்து ஆகியவற்றுக்கும் நம் கையிலிருந்தே போக வேண்டும் என்பதால் சேர்த்து வைத்த 20 லட்சமும் அத்துடன் தீர்ந்தது. 48 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை 41,655 ரூபாய். வாடகை 17,000. மீதி 24,655 ரூபாயை ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டும். வீடு காலியாகக் கிடக்கும் மாதத்தில் முழுத் தொகையையும். முதலாண்டில் கட்டும் தவணைகளில் ஏறத்தாழ 4 லட்சம் வட்டிக்கே போய்விடுகிறது, அசல் ஒரு லட்சம்கூடக் குறைவதில்லை. ஆறு மாதத் தவணைக்கான தொகையைத் தனியே வைத்துக்கொள்ளாமல் இதில் இறங்குவது, அடுத்த மாதச் சம்பளத்தையும் குடித்தனக்காரரின் வாடகையையும் ஒருசேர நம்பிக் கடனில் குதிப்பதாகும்.

வைப்புநிதியோடு ஒப்பிட்டதில் ஒரு நியாயக் குறைவு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். வைப்புநிதியின் வட்டி, போட்ட நாளில் இருந்ததுபோலவே இருக்கும், வாடகை ஏறும். ஆண்டுக்கு 5 சதவீதம் என்ற வழக்கமான ஏற்றத்தை வைத்தால் இன்றைய 17,000 பத்தாண்டு கழித்து 27,700 அளவில் நிற்கும், பதினான்கு ஆண்டில் இருமடங்கை நெருங்கும். கடனில்லாமல் வாங்கி இருபது ஆண்டு வைத்திருக்கிறவருக்கு, ஓய்வுக்காலத்தில் விலைவாசியோடு சேர்ந்து ஏறும் வருமானம் ஒன்று கிடைக்கிறது; அதுதான் வாடகை வீட்டின் உண்மையான பலம். ஆனால் அந்த ஐந்து சதவீதமும் தானாக வருவதில்லை. நல்ல குடித்தனக்காரரை இழந்துவிடக் கூடாது என்று இரண்டு ஆண்டு ஏற்றாமல் விடுகிறோம். கட்டடம் பழையதாக ஆக, பக்கத்துத் தெருவில் புதிதாக வந்த கட்டடம் நம் வாடகையைக் கீழே இழுக்கிறது.

வாடகையிலிருந்து விலைக்கு வருவது என்பது இதுதான். செலவு போக 4 சதவீதமாவது வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்தால், கையில் நிற்கும் 1.56 லட்சத்தை 4 சதவீதத்தால் வகுக்க வேண்டும். 39 லட்சம் வரும். பதிவுச் செலவு, மராமத்து எல்லாம் சேர்த்து அந்த வீட்டுக்கு அவர் போடக்கூடிய பணம் அவ்வளவுதான். அந்த விலைக்கு அந்த வீட்டை யாரும் தரமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் மிச்சப் பணத்தை நாம் எதற்காகக் கொடுக்கிறோம் என்ற கேள்வி கண்ணுக்கு நேரே வந்து நின்றுவிடுகிறது: நிலத்தின் விலை பிற்காலத்தில் ஏறும் என்ற எதிர்பார்ப்புக்காகக் கொடுக்கிறோம். அது நியாயமான எதிர்பார்ப்பாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் அதை வாடகை வருமானம் என்று பெயர் சூட்டி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க இந்த வகுத்தல் கணக்கு உதவும்.

அடுக்குமாடி வீட்டில் இந்த எதிர்பார்ப்புக்கு ஒரு சிக்கலும் உண்டு. வாடகையைத் தருவது கட்டடம், விலை ஏறுவது நிலம். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. ஏறுகிற நிலத்தில் நமக்குள்ளது பிரிக்கப்படாத பாகம் மட்டுமே. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் ஆறு வீடுகள் கட்டியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் 400 சதுர அடி வரும்; அதே பரப்பு வீட்டைப் பல மாடிக் கோபுரத்தில் வாங்கினால் அதைவிடக் குறைவாகவே வரும். ஆகையால் நீச்சல்குளமும் உடற்பயிற்சிக்கூடமும் உள்ள பெரிய குடியிருப்பைவிட, நிலப்பங்கு கூடுதலாக உள்ள சிறிய கட்டடத்தின் பழைய வீடு முதலீட்டுக்கு ஏற்றது என்பது என் முடிவு. அந்த நீச்சல்குளத்துக்காகக் குடியிருப்பவர் மாதம் 4,000 ரூபாய் பராமரிப்புக் கட்டினால், அது அவர் நமக்குத் தரக்கூடிய வாடகையிலிருந்துதான் குறையும். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடி வீட்டு உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தபின், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு மறுகட்டுமானம் செய்ய வழி திறந்திருப்பதால் நிலப்பங்கின் முக்கியத்துவம் மேலும் கூடியிருக்கிறது.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் குடியிருக்கப்போவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது எளிதாகத் தோன்றும். ஆனால் பார்க்கப்போகும் வீட்டில் பூஜையறை எங்கே என்று தேடாமல் இருக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? குடிவருகிறவர் கேட்கும் முதல் கேள்வி வேறு. தண்ணீர் எப்படி என்பதே அது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டபோது, பழைய மகாபலிபுரம் சாலையோரத்து உயர்ந்த குடியிருப்புகள் பல லாரித் தண்ணீரை நம்பித்தான் ஓடின. குடிநீர் இணைப்பு உண்டா, ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, தண்ணீர் உப்பா, சம்ப்பின் கொள்ளளவு என்ன, மே மாதத்தில் மாதத்துக்கு எத்தனை லாரி வாங்கினார்கள் என்பதை விற்பவரிடம் கேட்காமல் அங்கே குடியிருப்பவரிடமும் காவலாளியிடமும் கேட்க வேண்டும். பாதாளச் சாக்கடை இல்லாத புறநகர்ப் பகுதிகளில் கழிவுநீர் லாரிக்கும் மாதாமாதம் செலவு உண்டு. அந்தக் கட்டணம் யார் தலையில் விழுகிறது என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

தண்ணீர் இல்லாததைப்போலவே தண்ணீர் வந்து நிற்பதும் வாடகையைக் கெடுக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் படகில் ஆட்களை மீட்டதையும் குடித்தனக்காரர்கள் மறந்துவிடவில்லை. பங்குனியில் வீடு பார்த்துச் சித்திரையில் பத்திரம் பதிகிற வழக்கத்தை விட்டுவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறையாவது அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தரைத்தள வீடு என்றால் சுவரின் அடிப்பகுதியில் பழைய நீர்க்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். விற்பதற்கு முந்தைய வாரம் அவசரமாக அடித்த பெயின்டுக்குப் பின்னாலும் அது எட்டிப்பார்க்கும். முதல் தளமே ஆனாலும் மின்மீட்டர் பெட்டியும் மோட்டாரும் தரையோடு இருந்தால் வெள்ள நாளில் விளக்கும் தண்ணீரும் ஒன்றாகவே நிற்கும்.

அடுத்தது போக்குவரத்து. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் பாதையை ஒட்டிய பகுதிகளில் நடந்துபோகும் தூரத்தில் உள்ள வீடு காலியாக நெடுநாள் கிடப்பதில்லை. வரப்போகிற மெட்ரோவைக் காட்டி விற்கும் வீடுகளில் மட்டும் கவனம் வேண்டும். ஏறத்தாழ 119 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிட்ட மெட்ரோ இரண்டாம் கட்டம் ஆகட்டும், 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் ஆகட்டும், அறிவிப்பு வந்த உடனேயே வீட்டு விலை ஏறிவிடுகிறது. வாடகையோ ரயிலும் பேருந்தும் ஓடி, அதில் ஏறி வேலைக்குப் போகிறவர்கள் வந்த பிறகுதான் ஏறுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் தூசியையும் மாற்றுப்பாதைகளையும் தாங்கிக்கொண்டு குறைந்த வாடகைக்கு விட்டுக்கொண்டிருப்பது நாம்தான்.

குடிமாறுவதற்கும் இங்கே பருவம் உண்டு. பள்ளிக்கூடம் திறப்பதற்குமுன் ஏப்ரல், மே மாதங்களில் குடும்பங்கள் வீடு தேடுகின்றன. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் பால் காய்ச்ச மாட்டார்கள். ஜூலை முதல் வாரத்தில் ஒருவர் காலி செய்தால் ஆவணி பிறக்கும்வரை, அதாவது ஆகஸ்ட் நடுப்பகுதிவரை வீடு பூட்டிக் கிடக்கக்கூடும் என்று எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தக் காலத்தை மே மாதத்திலோ தை மாதத்திலோ முடிவதாக அமைத்துக்கொள்வது சிறிய தந்திரம்தான், ஆனால் ஒரு மாத வாடகை மிஞ்சும்.

பத்திர விஷயத்தில் சுருக்கமாகச் சொல்வதற்கில்லை. ஏனென்றால் வாடகைக் கணக்கு தவறினால் ஆண்டுக்குச் சில ஆயிரம் போகும், இதில் தவறினால் முதலே போகும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமின்றியே பார்க்கலாம். 30 ஆண்டுகளுக்காவது பார்க்க வேண்டும். ஆனால் வில்லங்கச் சான்று, பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதியாத உயில், நிலுவையிலுள்ள வழக்கு, பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போடாமல் விட்ட சகோதரி ஆகிய எதுவும் அதில் வராது. ஆகவே சொத்தின் மூல ஆவணமான தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரையிலான ஆவணங்களை வரிசையாக ஒரு வழக்கறிஞர் படித்துக் கருத்து எழுதித் தர வேண்டும். வங்கியின் வழக்கறிஞர் பார்க்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள், அவர் வங்கியின் கடனுக்குத்தான் காவல். பட்டாவை அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ தளத்தில் சரிபார்க்கலாம். கோயில் நிலமா, வக்ஃபு நிலமா, பட்டியல் சாதியினருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலமா, நீர்நிலைப் புறம்போக்கா என்ற கேள்விகளைப் புறநகரில் தயங்காமல் கேட்க வேண்டும்.

பொது அதிகார ஆவணத்தை (பவர் பத்திரத்தை) மட்டும் காட்டி வீட்டை விற்பது உரிமை மாற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. முகவர் உரிமையாளர் சார்பில் கிரயப் பத்திரம் எழுதித் தரலாம். ஆனால் அந்த அதிகாரத்தை எழுதிக்கொடுத்த உரிமையாளர் இன்று உயிருடன் இருக்கிறாரா, அதை அவர் இரத்து செய்யவில்லையா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கட்டட அனுமதியும் அதேபோல்தான். இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கிவிட்டு மூன்றாவது மாடி எழுப்பிய கட்டடங்கள் புறநகரில் உண்டு. சந்தை விலையைவிட மலிவாக வரும் மேல்மாடி வீடு என்றால் முதலில் அனுமதி வரைபடத்தைக் கேளுங்கள். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை வாங்குகிறவர்கள் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் அந்தத் திட்டத்தின் பதிவைப் பார்க்கலாம். அதில் பெரும்பாலும் கூடுதலாக 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு அது கிடையாது. வீடு முடியும்வரை வாடகை வராது, வட்டி மட்டும் ஓடும் என்பதால் முதல் முதலீட்டுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

வருமான வரியைக் காரணம் காட்டி வீடு வாங்கச் சொல்கிற ஆலோசனை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. வாடகையில் சொத்துவரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை எந்தக் கணக்கும் காட்டாமல் கழித்துக்கொள்ளலாம். இது இன்றும் நல்ல சலுகைதான். நம் எடுத்துக்காட்டில் 2.04 லட்சத்தில் 6,000 சொத்துவரியும் 59,400 கழிவும் போக வரிக்குரியது 1,38,600 மட்டுமே. கடன் வட்டியையும் கழிக்கலாம். 4 லட்சம் வட்டி என்றால் கணக்கு நட்டத்தில் போகும். அந்த நட்டத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பள வருமானத்தோடு ஈடுகட்டுவது பழைய வரிமுறையில்தான் முடியும். இப்போது இயல்பாகப் பொருந்தும் புதிய வரிமுறையில் முடியாது. விற்கும்போது, 2024 ஜூலை 23க்குப் பிறகு வாங்கிய வீட்டை இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்தால் இலாபத்தில் 12.5 சதவீத வரி; விலைவாசி ஏற்றத்துக்கான சரிக்கட்டல் கிடையாது. வாங்கும் வீடு 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தைப் பிடித்து நாமே அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடிக்க வேண்டிய வரி இதைவிடப் பலமடங்கு. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு சென்னை வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: உங்கள் குடித்தனக்காரர் வாடகையில் 30 சதவீதத்துக்கும் மேல் வரி பிடித்தே தர வேண்டும் என்பது சட்டம். பல குடித்தனக்காரர்களுக்கு இது தெரியாது, தெரிந்தவர்கள் அந்த வீட்டுக்கு வரத் தயங்குவார்கள்.

வாடகை ஒப்பந்தத்தை 11 மாதத்துக்கு எழுதுவது நம் ஊரின் பழைய வழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதைத் தவிர்க்கப் பிறந்த வழக்கம் அது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கு இணையதளம் இருக்கிறது, செலவும் பெரிதில்லை. இருந்தும் என் தெருவில் வாடகைக்கு விடுகிற பலர் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். வாடகை பாக்கியென்று வழக்குக்குப் போகும்போதுதான் பதிவு செய்த ஒப்பந்தத்தின் அருமை தெரியவரும். பாக்கிக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பதை இதே சட்டம் தடுக்கிறது. சட்டம் தடுக்காவிட்டாலும் அது செய்யத் தகாத காரியம்.

வாடகைக்குப் பதிலாகப் போகியத்துக்கு விடலாமா என்றும் கேட்கிறார்கள். தெற்கே ஒத்தி என்றும் சென்னையில் லீஸ் என்றும் வழங்கும் முறை அது: ஐந்து முதல் பத்து லட்சம்வரை ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு, மூன்று ஆண்டு வாடகையில்லாமல் குடியிருக்கவிட்டு, காலி செய்யும் நாளில் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். நம் எடுத்துக்காட்டு வீட்டின் ஆண்டு வாடகையான 2.04 லட்சத்துக்கு ஈடாக 8 லட்சம் வாங்கினால், அது 25 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியதற்குச் சமம். அதிக வட்டிக் கடனை உடனே அடைக்க வேண்டிய நெருக்கடி இருந்தால் ஒழிய உரிமையாளருக்கு இதில் நியாயமில்லை. வாங்கிய பணத்தை வேறெதிலாவது போட்டுவிட்டு, அடுத்த போகியக்காரர் கிடைத்தால்தான் முந்தையவருக்குப் பணம் என்று இழுத்தடிக்கும் கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

2.3 சதவீதம் போதாது என்று நினைப்பவர்கள் சிறிய வீடுகளைப் பார்க்கலாம். ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கில் கிடைக்கும் வாடகை, மூன்று படுக்கையறை வீட்டைவிடப் பெரும்பாலும் கூடுதல். சொந்த மனை உள்ளவர்கள் போர்ஷன் போர்ஷனாகக் கட்டி விடுவதும், திருப்பூரில் பனியன் தொழிலாளர்களுக்கு லைன் வீடுகள் கட்டி விடுவதும் இன்னும் நல்ல வருமானம் தரும். ஆனால் அது அன்றாடம் கவனிக்க வேண்டிய தொழில், பக்கத்திலேயே குடியிருப்பவர்களுக்குத்தான் சரிப்படும். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மின் இணைப்பு வாங்கிவிட வேண்டும். ஒரே மீட்டரில் பல குடும்பங்கள் என்றால் யூனிட் கூடக் கூட விகிதமும் ஏறி, கட்டணத் தகராறே வேலையாகிவிடும். வாடகை வருமானம் வேண்டும், வீடு கவனிக்க நேரமில்லை என்பவர்களுக்கு 2019 முதல் இந்தியப் பங்குச் சந்தையில், பலரிடம் பணம் திரட்டி வணிகக் கட்டடங்களை வைத்து வாடகைக்கு விடும் ரீட் (REIT) எனப்படும் அறக்கட்டளைகள் பட்டியலாகியிருக்கின்றன. சென்னை வடபழனியிலுள்ள நெக்சஸ் விஜயா வணிக வளாகத்தை வைத்திருப்பதும் அப்படி ஓர் அறக்கட்டளைதான். பகிரத்தக்க வரவில் 90 சதவீதத்தையாவது முதலீட்டாளர்களுக்குப் பகிர வேண்டும் என்பது விதி. பங்கைப்போல விலை ஏறி இறங்கும், ஆனால் இரவு பத்து மணிக்கு மோட்டார் ஓடவில்லை என்று யாரும் அழைக்க மாட்டார்கள்.

குடிவைக்கும் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் நான் பார்ப்பவை இரண்டு: வருமானம் நிலையாக வருகிறதா, முந்தைய வீட்டை ஏன் காலி செய்தார். ஆதார் நகலோடு குடியிருப்பவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுவதும் நல்லது. சைவம் மட்டும், இன்ன சாதியார் மட்டும், குடும்பத்தினர் மட்டும் என்று பலகையில் எழுதுகிறவர்களை நான் ஏற்பதில்லை. அது அநியாயம் என்பது முதல் காரணம். வீடு தேடுவோரில் பாதிப்பேரைத் தெருவிலேயே திருப்பி அனுப்பிவிட்டுக் காலி வீட்டுக்கு வட்டி கட்டுவது மூடத்தனம் என்பது அடுத்தது. என் வீட்டில் மிக ஒழுங்காக வாடகை தந்தவர்கள், அருகிலுள்ள மருத்துவமனையில் வேலைபார்த்த செவிலியர் மூவர்.

முன்பணமாகப் பத்து மாத வாடகை கேட்கும் பழைய சென்னைப் பழக்கம் மெல்லக் குறைந்து வருகிறது. மேலே சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாத வாடகையைப் பொது அளவாகக் குறிக்கிறது. அந்தத் தொகையை வீட்டுச் செலவில் கலந்துவிடாமல் தனி வைப்பாகப் போட்டுவிட வேண்டும். பெயின்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதானால் அது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். சாவியை வாங்கிக்கொண்டபின் சொல்லக் கூடாது. குடிவரும் நாளில் சுவர், குழாய், விசிறி எல்லாவற்றையும் இருவருமாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் காலி செய்யும் நாளில் வாக்குவாதத்துக்கு இடமிராது. காலி செய்வதாகச் சொல்லிவிட்ட குடித்தனக்காரர் வீட்டில் இருக்கும்போதே அடுத்தவர்கள் பார்க்க வருவார்கள். தண்ணீர் வருகிறதா, முன்பணம் ஒழுங்காகத் திரும்புமா, ஓனர் எப்படிப்பட்டவர் என்று அவர்கள் தனியாகக் கேட்பது நம்மிடமல்ல, அவரிடம்தான்.